லண்டன் கோட்டையின் இரும்பு மனிதர்கள்

ஒரு பெரிய கல் மண்டபத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மண்டபம் நெடுகிலும் மரக் குதிரைகள். இரும்புச் சட்டை அணிந்த உருவங்கள். தலை முதல் பாதம்வரை பளபளக்கும் தகடுகள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு பிளவு மட்டும். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும், அந்தப் பிளவின் வழியே யாரோ நம்மைப் பார்ப்பது போலவே தோன்றுகிறது!

இது லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள 'டவர் ஆஃப் லண்டன்' என்னும் பழைய கோட்டை. அதன் நடுவே நிற்கும் வெள்ளைக் கோபுரத்துக்குள் இருக்கிறது ஆயுதக் காட்சிசாலை. இன்று நாம் இந்தக் காட்சிசாலையைச் சுற்றி வரப்போகிறோம். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம். ஒரு பழைய பொருளின் அருகே எழுதி வைத்திருப்பது உண்மைதான் என்று நமக்கு எப்படித் தெரியும்?

கோட்டைக்குள் நுழைவோம்

1066-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர் வில்லியம். பிடித்த நாட்டை அடக்கி வைத்திருக்க அவருக்கு ஒரு பலமான கோட்டை தேவைப்பட்டது. வெள்ளைக் கோபுரத்தின் வேலை 1070-களில் தொடங்கியது. சுமார் 27 மீட்டர் உயரம். அடிப்பகுதியில் சுவரின் கனம் ஏறக்குறைய நாலரை மீட்டர். உங்கள் வகுப்பறையின் அகலத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். அதில் பெரும்பகுதியை ஒரு சுவரே அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பது புரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி மன்னர் இதற்கு வெள்ளையடிக்கச் செய்தார். வெள்ளைக் கோபுரம் என்ற பெயர் அதனால் வந்ததே.

அரண்மனை, சிறைச்சாலை, நாணயச்சாலை, வெடிமருந்துக் கிடங்கு, மிருகக்காட்சிசாலை என்று இந்தக் கோட்டை பல வேடங்கள் பூண்டிருக்கிறது. நாட்டின் படைக்கலங்களும் இங்கேதான் குவித்து வைக்கப்பட்டிருந்தன. பதினேழாம் நூற்றாண்டிலேயே மக்கள் இவற்றைப் பார்க்க வரத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அவர்கள் பார்த்த முக்கியமான காட்சிக்கு 'மன்னர் வரிசை' என்று பெயர். இங்கிலாந்தை ஆண்ட மன்னர்கள் கவசம் பூண்டு மரக் குதிரைகளில் அமர்ந்திருப்பதாக அமைத்த காட்சி அது. உலகில் மிக நீண்ட காலமாக மக்கள் பார்த்துவரும் அருங்காட்சியகக் காட்சிகளில் இதுவும் ஒன்று.

சரி, நாமும் பார்ப்போம். ஆனால் கொஞ்சம் சந்தேகத்தோடு!

மன்னர் வரிசையில் ஒரு பிழை

பழைய மன்னர் வரிசையில் வெற்றிவீரர் வில்லியமும் இருந்தார். உடல் முழுவதையும் மூடும் இரும்புத் தகட்டுக் கவசம் அணிந்து கம்பீரமாகக் காட்சி தந்தார். வந்தவர்கள் வியந்து நின்றார்கள்; தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள்.

வில்லியம் இறந்தது 1087-இல். உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசம் ஐரோப்பாவில் பழக்கத்துக்கு வந்தது ஏறக்குறைய 1400-ஆம் ஆண்டை ஒட்டி. இடைவெளி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல்! சேரன் செங்குட்டுவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நாடகம் போட்டால் நீங்கள் சிரிக்கமாட்டீர்களா? அதே கதைதான் இதுவும்.

இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் ரஷ் மெய்ரிக் என்ற அறிஞர். பழைய ஓவியங்கள், கல்லறைச் சிற்பங்கள், ஏடுகள் ஆகியவற்றோடு கவசங்களை ஒப்பிட்டு, எது எந்தக் காலத்தது என்று ஆராய்ந்து 1824-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் கோட்டையின் காட்சியைக் காலவரிசைப்படி திருத்தி அமைக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

இதுபோன்ற பிழைகள் இன்னும் பல. 1588-இல் ஸ்பெயின் நாட்டின் மாபெரும் கப்பற்படை இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்து தோற்றது. அந்தப் படையிடமிருந்து பிடித்த ஆயுதங்கள் என்று ஓர் அறை நிறைய ஆயுதங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவற்றில் பல, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் சொந்தக் கிடங்குச் சாமான்கள்! ஹென்றி இறந்த 1547-இல் அவருடைய உடைமைகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதினார்கள். 1547-இல் எழுதிய பட்டியலில் இருக்கும் ஒரு பொருளை 1588-இல் எதிரியிடமிருந்து எப்படிப் பிடித்திருக்க முடியும்?

இன்னொரு வேடிக்கை. 1613-இல் ஜப்பானிய ஆட்சித் தலைவர் தொகுகவா ஹிதேதாதா, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்குக் கவசங்களைப் பரிசாக அனுப்பினார். சிறு சிறு தகடுகளை அரக்கு பூசிப் பட்டுக் கயிறுகளால் கோத்துச் செய்த அழகிய கவசம் அது. கோட்டைக்கு வந்த சில காலத்திலேயே அதன் கதை மறந்துபோயிற்று. 'மொகலாயப் பேரரசரின் கவசம்' என்று பெயர்ச்சீட்டு மாட்டிவிட்டார்கள்!

ஆக, பெயர்ச்சீட்டு தவறு செய்யலாம். இரும்பு தவறு செய்யாது. இரும்பிடம் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். எப்படிக் கேட்பது என்று இனிப் பார்ப்போம்.

வளையங்களால் ஒரு சட்டை

வில்லியமும் அவருடைய வீரர்களும் உண்மையில் அணிந்தது சங்கிலிக் கவசம். இரும்புக் கம்பியைச் சிறு வளையங்களாக வளைத்து, ஒவ்வொரு வளையத்தையும் பக்கத்திலுள்ள நான்கு வளையங்களோடு கோத்து, நுனிகளைத் தட்டையாக்கித் துளையிட்டுச் சிறு ஆணியால் அறைந்துவிடுவார்கள். ஒரு சட்டைக்கு இப்படிப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். எடை சுமார் பத்துக் கிலோ. துணிபோல மடியும், கையை நீட்டலாம், குனியலாம்.

வாளின் கூர்மையான விளிம்பு இதன்மேல் விழுந்தால் வெட்டு உள்ளே இறங்காது. ஆனால் ஊசிபோன்ற முனையுடைய அம்பு வந்தால்?

பௌதிகப் பாடத்தில் அழுத்தம் பற்றிப் படித்திருப்பீர்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. ஒரே விசை ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுவதற்கும் ஒரு சதுர மில்லிமீட்டரில் விழுவதற்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கு. அம்பின் கூரிய முனை ஒரே ஒரு வளையத்துக்குள் புகுந்து, முழு விசையையும் அதன்மேல் செலுத்தி, ஆணியைத் தெறிக்கச் செய்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. சங்கிலிக் கவசம் வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. கதாயுதத்தால் அடித்தால் வளையங்கள் உடையாமலே உள்ளிருக்கும் எலும்பு முறியும். ஆகவே உள்ளே தடித்த பஞ்சு மெத்தைச் சட்டையும் அணிந்தார்கள். அடி விழும் நேரத்தைச் சற்று நீட்டி, அதன் விசையைப் பரப்பிக் குறைப்பது மெத்தையின் வேலை. இன்றைய மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்துக்குள் இருக்கும் நுரைத் திண்டு செய்வதும் இதே வேலைதான்.

தகட்டுக் கவசமும் பொய்க் கதையும்

சங்கிலியின் குறையை நீக்கத் தகடு வந்தது. அடியின் விசையைத் தகடு தன் பரப்பு முழுவதும் பரப்பிவிடும். அதோடு அதன் வடிவத்தைக் கவனியுங்கள். மார்புத் தகடு தட்டையாக இல்லை. நடுவில் புடைத்து, பக்கங்களில் சரிந்திருக்கிறது. நேராக வரும் ஈட்டி முனை சரிவில் பட்டு வழுக்கி ஓடிவிடும். விசையின் ஒரு பகுதிதான் தகட்டைக் குத்தும். மீதி பக்கவாட்டில் போய்விடும். வளைந்த தகடு தட்டைத் தகட்டைவிட எளிதில் மடங்காது என்பது கூடுதல் இலாபம்.

தகட்டின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஆபத்து அதிகமுள்ள மார்பின் நடுவே சுமார் இரண்டு மில்லிமீட்டர் என்றால், பக்கங்களிலும் கைகளிலும் அதைவிட மெல்லியதாக இருக்கும். எடையை வீணாக்காமல் வேண்டிய இடத்தில் மட்டும் இரும்பைச் சேர்க்கும் இந்தக் கணக்கை, எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காத கொல்லர்கள் சுத்தியலோசையிலும் கைப்பழக்கத்திலும் கற்றிருந்தார்கள்.

இத்தகைய கவசம் அணிந்த வீரர் தனியாக எழுந்து நிற்கவே முடியாது, பாரந்தூக்கியால் தூக்கித்தான் குதிரைமேல் வைப்பார்கள் என்று ஒரு கதை உண்டு. சினிமாவிலும் காட்டியிருக்கிறார்கள். இது வெறும் கட்டுக்கதை! போர்க்களக் கவசத்தின் எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ வரைதான். ஓர் அரிசி மூட்டையின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூட்டை முழுவதும் தோளில் அழுத்தும். கவசமோ தலை, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெங்கும் பங்கிட்டு அமர்ந்திருக்கும். பழகிய வீரர் கவசத்தோடு ஓடலாம், குதிரைமேல் தாமே ஏறலாம்.

அப்படியானால் கவசம் சுமையே இல்லையா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் லீட்ஸ் பல்கலைக்கழக அறிவியலாளர்கள், பதினைந்தாம் நூற்றாண்டுக் கவசங்களின் நகல்களை அணிந்தவர்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்து, அவர்களுடைய மூச்சில் செலவான ஆக்சிஜனை அளந்தார்கள். கவசம் இல்லாமல் நடப்பதைவிடக் கவசத்தோடு நடக்க இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாயிற்று. காரணம் மொத்த எடை மட்டுமல்ல. கால்களில் கட்டிய தகடுகளை ஒவ்வோர் அடியிலும் வீசி எடுத்து வைக்க வேண்டும். மார்புத் தகடு ஆழ்ந்து மூச்சுவிட இடம் தராது. ஆகவே கதையும் பொய். கவசம் காற்றுப்போல இலேசானது என்பதும் பொய். அளந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது.

நெருப்பும் நீரும்

ஒரே வடிவம், ஒரே கனம் கொண்ட இரண்டு தகடுகள். ஒன்று அம்பை நிறுத்துகிறது, மற்றொன்று கிழிந்துபோகிறது. ஏன்?

விடை கார்பனில் இருக்கிறது. கார்பன் ஏறக்குறைய இல்லாத தேனிரும்பு மிருதுவானது. அதோடு நூற்றில் அரைப் பங்கு கார்பன் சேர்ந்தாலும் போதும், எஃகாகிவிடுகிறது. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று நீரில் அமிழ்த்தினால் அதன் உள்ளமைப்பே மாறி, கடினம் பல மடங்கு கூடும். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும். மறுபடியும் மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால் நொறுங்கும் தன்மை குறைந்து, கடினமும் உறுதியும் சேர்ந்து கிடைக்கும். இதைத்தான் பதமிடுதல் என்கிறோம். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தண்ணீர் காட்டுவதும் இதுதான்.

எந்தக் கவசம் இப்படிப் பதமிடப்பட்டது என்பதை வெறும் கண்ணால் சொல்ல இயலாது. ஆலன் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர், கவசத் தகடுகளின் ஓரங்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். உலோகத்தின் மணிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தால், அது தேனிரும்பா எஃகா, மெதுவாக ஆறியதா சட்டென்று குளிர்ந்ததா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் உலைக்களத்தில் நடந்ததை ஓர் உலோகத் துணுக்கு இன்று நமக்குச் சொல்கிறது!

பருத்துப்போன மன்னர்

வெள்ளைக் கோபுரத்தில் எட்டாம் ஹென்றியின் கவசங்களைத் தேடிப் பாருங்கள். 1515-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட வெள்ளிப் பூச்சுக் கவசம் ஒன்று. குதிரைக்கும் சேர்த்தே செய்தது. அப்போது மன்னருக்கு வயது இருபத்துநான்கு. கவசத்தின் இடுப்பளவு சுமார் 35 அங்குலம். இன்னொன்று 1540-இல் செய்தது. அதன் இடுப்பளவு ஐம்பது அங்குலத்துக்கும் மேல்!

சரித்திர ஆசிரியர் புகழலாம். ஓவியர் மன்னரை அழகாக வரையலாம். ஆனால் கவசம் செய்யும் கொல்லர் முகஸ்துதி செய்யமுடியாது. உடம்புக்கு ஒட்டாத கவசம் உயிரைக் காக்காது. ஆகவே அவர் உள்ள அளவைத்தான் எடுத்தாக வேண்டும். சரித்திரத்துக்குக் கிடைத்த நேர்மையான சாட்சிகளில் தையற்காரரின் அளவுநாடாவும் கவசக் கொல்லரின் அளவுகோலும் முன்வரிசையில் நிற்கின்றன.

இதே கோட்டையிலுள்ள இன்னொரு கவசம் 205 சென்டிமீட்டர் உயரம். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜான் ஆஃப் கான்ட் என்ற இளவரசருடையது என்று முன்பு சொன்னார்கள். அதன் அமைப்பை ஆராய்ந்ததில் அது 1540-ஐ ஒட்டி ஜெர்மனியில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. மறுபடியும் பெயர்ச்சீட்டு தோற்றது, இரும்பு வென்றது.

துப்பாக்கி வந்தது

இவ்வளவு திறமையோடு செய்த கவசம் ஏன் மறைந்தது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது.

80 கிராம் எடையுள்ள ஒரு போர் அம்பு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். அதன் ஆற்றல் 100 ஜூல். 30 கிராம் எடையுள்ள ஓர் ஈயக் குண்டு பெரிய துப்பாக்கியிலிருந்து விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது என்று கொள்வோம். அதன் ஆற்றல் 2,400 ஜூல். எடை பாதிக்கும் குறைவு; ஆற்றலோ 24 மடங்கு! வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது.

கவசக் கொல்லர் என்ன செய்வார்? தகட்டைக் கனமாக்குவார். இரண்டு மில்லிமீட்டரை நான்காக்கினால் எடையும் இரு மடங்காகும். இரண்டு கால்களுள்ள மனிதன் எவ்வளவுதான் சுமப்பான்? பதினேழாம் நூற்றாண்டில் கால் தகடுகள் போயின. கைத் தகடுகள் போயின. கடைசியில் தலைச்சீராவும் மார்பு, முதுகுத் தகடுகளுமே மிஞ்சின.

அக்கால மார்புத் தகடுகள் சிலவற்றில் ஒரு சிறு குழி இருக்கும். போரில் பட்ட குண்டு என்று நினைத்துவிடாதீர்கள். விற்பதற்கு முன், செய்தவரே துப்பாக்கியால் சுட்டுச் சோதித்துக் காட்டிய அடையாளமாக அது இருக்கலாம். துளை விழவில்லை, குழி மட்டும் விழுந்தது என்றால் கவசம் தேறிவிட்டது என்று பொருள். வாங்குபவருக்கு அதுவே நற்சான்றிதழ்.

அந்தக் குழியின்மேல் கண்ணை வைத்துச் சற்று நில்லுங்கள். அதை அணிந்தவர் ஓர் இளைஞராக இருந்திருப்பார். அவருக்கும் வீட்டில் தாய் இருந்திருப்பாள். இந்த மண்டபத்திலுள்ள ஒவ்வொரு வாளும் ஒருவரைக் கொல்வதற்காகவும், ஒவ்வொரு கவசமும் ஒருவர் சாகாமலிருப்பதற்காகவும் செய்யப்பட்டவை. அழகிய வேலைப்பாட்டை ரசிக்கும்போது இதை மறக்கலாகாது.

சென்னை வழியே போன யானைக் கவசம்

இந்தக் கோட்டையின் சேகரிப்பு மிகவும் பெருகிவிட்டதால், அதன் பெரும்பகுதிக்காக 1996-இல் லீட்ஸ் நகரில் ஒரு தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். கோட்டையில் இருந்த ஓர் இந்தியப் பொருளும் அங்கே போய்விட்டது. அதுதான் யானைக் கவசம்!

சங்கிலியும் சிறு இரும்புத் தகடுகளும் சேர்த்துப் பின்னிய இந்தக் கவசம், ஏறக்குறைய 1600-ஐ ஒட்டிய மொகலாயர் காலத்தது. இன்று எஞ்சியுள்ள பகுதியில் 5,840 தகடுகள். எடை 118 கிலோ. காணாமற்போன பகுதிகளையும் சேர்த்தால் 8,439 தகடுகளும் 159 கிலோ எடையும் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

1757-இல் பிளாசிப் போரில் இராபர்ட் கிளைவ் பிடித்தது என்று இதற்கும் ஒரு கதை கட்டினார்கள். ஆனால் கிடைக்கும் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னராக இருந்தார். அவருடைய மனைவி ஹென்ரியேட்டா இந்தியாவில் இருந்த நாட்களில் அரும்பொருள்களைச் சேகரித்தார். இந்தக் கவசமும் அவர் சேகரித்ததே. 1801-இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. வீரப் போரில் பிடித்தது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது கேட்க நன்றாக இருப்பதா, நடந்ததா?

லீட்ஸில் நீரோட்டம்போல் வரிகள் ஓடும் கீழைநாட்டு வாள்களும் உண்டு. அத்தகைய வாள்களுக்கான எஃகில் புகழ்பெற்றது தென்னிந்திய உருக்கு. இரும்புத் துண்டுகளோடு மரத்துண்டு, இலை ஆகியவற்றைக் களிமண் மூசையில் இட்டு, வாயை மூடி, நெடுநேரம் உலையில் வைப்பார்கள். தாவரத்திலிருந்த கார்பன் இரும்பில் கரையும். கார்பன் அளவு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை வரை போகும். ஐரோப்பியர் இதை 'ஊட்ஸ்' என்றார்கள். 'உருக்கு' என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

கொல்லர் வீட்டுப் பிள்ளையான மைக்கேல் ஃபாரடே 1819-இல் இந்த எஃகைப் பகுத்து ஆராய்ந்தார். சிலிக்காவும் அலுமினாவும்தான் இதன் சிறப்புக்குக் காரணம் என்று அவர் கருதினார். அது சரியல்ல. ஃபாரடேயும் தவறலாம்! 1998-இல் வெர்ஹோவன், பென்ட்ரே என்ற இருவரும் அவர்களுடைய குழுவினரும் வேறொரு விளக்கம் தந்தார்கள். தாதுவில் மிகச் சிறிய அளவில் இருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களே, இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான கார்பைடு மணிகளை வரிவரியாக அமையச் செய்கின்றன என்று அவர்கள் செய்தே காட்டினார்கள்.

கவசத்தின் கடைசி எதிரி

அம்பு போயிற்று, துப்பாக்கியும் ஓய்ந்தது. ஆனால் கவசத்தை விடாமல் தாக்கும் எதிரி ஒருவன் இன்னும் இருக்கிறான். அவன் பெயர் துரு. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் போதும். அதோடு உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் விரலின் வியர்வையில் உப்பு உண்டு. ஒருமுறை தொட்டால் சில நாளில் உங்கள் கைரேகை துருவாகவே எழுந்து நிற்கும்! அதனால்தான் காட்சிசாலைகளில் பணியாளர்கள் கையுறை அணிகிறார்கள். காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். இரும்பின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இடுகிறார்கள்.

முற்காலத்தில் துருவைப் போக்க வேறு வழி கையாண்டார்கள். தூளும் எண்ணெயும் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தார்கள். கவசம் வெள்ளிபோல் பளபளத்தது. வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நல்லெண்ணத்தால் விளைந்த கேடு இது. பல கவசங்கள் முதலில் வெண்மையாக இருக்கவில்லை. எஃகை முந்நூறு டிகிரி சென்டிகிரேடு அளவில் சூடாக்கினால் அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் தோன்றி மயில் கழுத்துபோல் நீலமாக மின்னும். அந்த நீலத்தின்மேல் பொன் பூச்சும் இருந்தது. தேய்த்ததில் நீலம் போயிற்று, பொன் போயிற்று, கொல்லரின் சுத்தியல் தடமும் போயிற்று. இன்று எக்ஸ்ரே கருவியால் ஆராய்ந்து, இடுக்குகளில் எஞ்சிய பொன்னையும், பொன் பூசப் பயன்பட்ட பாதரசத்தின் தடத்தையும் தேடுகிறார்கள்.

1841 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு இக்கோட்டைக்குள் இருந்த பெரிய பண்டகசாலை தீப்பற்றியது. ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் எரிந்து உருகின. அவை சொல்லியிருக்கக்கூடிய கதைகளும் அவற்றோடு போயின. ஒரு பழம்பொருள் அழிந்தால் ஒரு சாட்சி இறந்ததாகவே பொருள். பெயர்ச்சீட்டு தவறானால் நாளை வேறு எழுதி ஒட்டலாம். பொருளே போய்விட்டால் யாரிடம் கேட்பது?

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு அஞ்சலட்டையை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்து, நடுவில் நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். பிறகு அதே அட்டையின் நீண்ட ஓரங்கள் இரண்டையும் மேல்நோக்கி வளைத்து, வாய்க்கால்போல் ஆக்கிச் சோதியுங்கள். எது அதிக நாணயம் தாங்குகிறது? மார்புத் தகடு ஏன் வளைந்திருக்கிறது என்பது விளங்கும்.

2. ஆசிரியர் முன்னிலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஓர் எஃகு ஊசியை இடுக்கியால் பிடித்துச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் போடுங்கள். ஆறியபின் இடுக்கியால் வளைத்தால் படீரென்று ஒடியும். கண்ணைக் காக்கக் கண்ணாடி அணியுங்கள். இன்னொரு ஊசியையும் அவ்வாறே குளிர்வித்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுடருக்குச் சற்று மேலே காட்டுங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடும். நீலம் வந்ததும் எடுத்துவிடுங்கள். இது வில்போல் வளைந்து நிமிரும். இந்த நீலம்தான் கவசத்திலிருந்து தேய்த்தழிக்கப்பட்ட நீலம்!

லண்டனுக்குப் போக எல்லோராலும் முடியாது. ஆனால் எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்து ஆட்சி செய்த சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலும் 1948 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வாள்களும் துப்பாக்கிகளும் பீரங்கிக் குண்டுகளும் அங்கேயும் உண்டு. கடற்காற்றின் உப்புக்கு எதிரே நின்று அவற்றைக் காப்பது எளிய வேலையன்று. அடுத்த முறை போகும்போது முதலில் பெயர்ச்சீட்டைப் படிக்காதீர்கள். பொருளைப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது? எங்கே குழி விழுந்திருக்கிறது? எந்தக் கைக்கு அளவாகப் பிடி அமைந்திருக்கிறது? உங்கள் விடையை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அதன்பிறகு பெயர்ச்சீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மகிழுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் மகிழுங்கள். உங்களுக்கு ஓர் ஆராய்ச்சி கிடைத்துவிட்டது!

தொட மட்டும் தொடாதீர்கள்.